மெய் காசினும் பெரிது: ஹௌஸா மொழியும் பத்திரிகைத் தொண்டும்

வதந்தி என்றும் தாய்மொழியிலேயே பிறக்கின்றது. அதற்கு இலக்கணமும் வேண்டா; அச்சுக்கூடமும் வேண்டா. சந்தையிலும் கிணற்றடியிலும் புறப்பட்டு ஒரு நாழிகைக்குள் ஊர் முழுதும் பரவிவிடும். மெய்யோவெனின், பல நாடுகளில் அயன்மொழியொன்றில் எழுதப்பெற்று, மொழிபெயர்ப்பாளர் கைபற்றி மெல்ல நடந்து, வதந்தி தன் வேலையை முடித்து இளைப்பாறும் நேரத்திற்றான் ஏழையின் வாயிலை வந்தடைகின்றது. ஆகவே, மக்கள் எம்மொழியில் அஞ்சுகின்றனரோ அம்மொழியிலேயே அவர்கட்கு மெய்யும் சொல்லப்படுதல் வேண்டும். அங்ஙனம் சொல்லுதற்கு அம்மொழியை முறையாகக் கற்றவர் வேண்டும். இதுவே யான் இக்கட்டுரையிற் கூற விரும்பும் கருத்து. இதற்குச் சான்றாக மேலை ஆப்பிரிக்காவின் ஹௌஸா மொழியையும், அம்மொழியில் நடைபெறும் பத்திரிகைத் தொண்டினையும் எடுத்துக்கொள்கின்றேன்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வோனுக்கு ஹௌஸாவோடு உறவு யாது என்று வகுப்புத் தோழர் சிலர் நகைப்பதுண்டு. அவ்வுறவு எனக்கு இரு வழியாக வந்தது. சென்னையிலுள்ள பிளாஃப்ட் என்னும் பதிப்பகத்தார் 2012-ஆம் ஆண்டில் ஹௌஸா நாவல் ஒன்றினை ஆங்கில வடிவில் வெளியிட்டனர். அதனை இயற்றியவர் கானோ நகரத்துப் பாலராபா ராமத் யாக்கூபு என்னும் அம்மையார். ஆங்கிலத்திற் பெயர்த்தவர் அலியு கமால். தீவினை ஒரு நாய்க்குட்டி என்பது அந்நூற்பெயரின் பொருள். செய்தவன் பின்னேயே அது ஓடிவரும் என்பது குறிப்பு. இளம்பருவத்திலேயே மணம் செய்விக்கப்பெற்று, பின்னர் முதியோர் கல்வி நிலையத்திற் பயின்ற ஒரு பெண்மணி, தம் வீட்டுமொழியிலேயே எழுதித் தம் நாட்டுப் பெண்டிரின் துயரை அந்நாட்டார்க்கே உணர்த்தினார். அந்நூல் நம் நகரத்து அச்சேறி என் கைக்கு வந்தது.

இரண்டாவது வழி ஒரு நண்பர். வடநைஜீரியாவிலுள்ள ஜாஸ் நகரினின்று பொறியியல் கற்க இங்கு வந்துள்ள அவர், எங்கள் ஆலயத்திற்கு ஞாயிறுதோறும் வருபவர். யான் அவரை அண்ணா என்றழைக்க, அவர் என்னைக் ‘கனேனா’ என்றழைப்பார். ‘என் தம்பி’ என்பது அதன் பொருள். ஆராதனை முடிந்தபின் ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் அவர் எனக்கு ஹௌஸா கற்பிப்பதும், யான் அவருக்குத் தமிழ் கற்பிப்பதும் ஓராண்டாக நிகழ்ந்துவருகின்றன. இக்கட்டுரையில் அம்மொழியைப் பற்றிக் கூறுவன பெரும்பாலும் அம்மரத்தடியில் யான் பெற்ற செல்வமே.

ஹௌஸா, நைஜீரியாவின் வடபகுதியிலும் நைஜர் நாட்டின் தென்பகுதியிலும் தாய்மொழியாக வழங்குவது. கானோ, கத்ஸினா, ஸாரியா, சொகோட்டோ முதலிய பழம்பெரு நகரங்கள் அதன் இருக்கைகள். கானா, கமரூன் முதலிய நாடுகளிலும் வணிகர் வாயிலாக அது பரவியுள்ளது. தாய்மொழியாகவும் இரண்டாம் மொழியாகவும் அதனைப் பேசுவோர் ஐந்து கோடிக்கு மேற்பட்டவர். மொழிநூலார் அதனை ஆப்பிரிக்க-ஆசியப் பெருங்குடும்பத்தின் சாதியக் கிளையில் வைத்து எண்ணுவர். எனவே அரபும் எபிரேயமும் அதற்குத் தூரத்து உறவினர். இறத்தலைக் குறிக்கும் ‘முத்து’ என்னும் ஹௌஸாச் சொல்லும் எபிரேயத்தின் ‘மூத்’ என்னும் வினையும் ஒரே வேரின என்று அறிந்த நாளில், வேதாகமத்தின் மூலமொழிக்கும் என் நண்பர் பேசும் மொழிக்கும் உள்ள அவ்வுறவை எண்ணி எண்ணி மகிழ்ந்தேன். நாவினையும் மொழியினையும் ‘ஹர்ஷே’ என்னும் ஒரே சொல்லால் அவர்கள் வழங்குகின்றனர். நாவே மொழி என்பது அவர் கொள்கை போலும்!

இம்மொழியைக் கற்பது எளிதென்று கூற யான் துணியேன். நம் மொழியிற்போலவே குறிலும் நெடிலும் பொருளை வேறாக்கும். அதன்மேலும் குரலின் ஏற்றமும் தாழ்வும் பொருளை வேறாக்கும். ‘கை’ என்பதனை உயர்ந்த குரலில் ஒலிப்பின் ‘நீ’ என்பது பொருள். உயர்ந்து தாழும் குரலில் ஒலிப்பின் ‘தலை’ என்பது பொருள். நாம் கையென்று கருதுவது அவர்க்குத் தலையாகின்றது! ககரத்திலேயே இரு வகை உண்டு. ‘பாக்கி’ என்பதனை இயல்பான ககரத்தால் ஒலிப்பின் ‘வாய்’; தொண்டையை இறுக்கி வெடிக்கச்செய்யும் ககரத்தால் ஒலிப்பின் ‘விருந்தினர்’. உரோம எழுத்தில் எழுதுங்காற் பின்னைய ககரத்திற்கு ஒரு சிறு கொக்கியை இடுவர். அக்கொக்கியை அச்சுக்கோப்பவர் மறந்தால் வாயிலில் வந்து நிற்கும் விருந்தினர் வாயாக மாறிவிடுவர். குரலின் ஏற்றத்தாழ்வையோ, குறில் நெடில் வேறுபாட்டையோ வழக்கமான எழுத்துமுறை காட்டுவதில்லை. எனவே செய்தி படிப்பவர் எழுத்தைக் கண்டு மட்டும் படித்தல் இயலாது. பொருளுணர்ந்தே படித்தல் வேண்டும்.

தமிழ் மாணாக்கனுக்கு வியப்பளிக்கும் செய்திகள் இன்னும் பல. உயர்திணை அஃறிணைப் பாகுபாடு அங்கில்லை. ஒருமைப் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆண்பாலோ பெண்பாலோ ஆதல் வேண்டும். ஞாயிறாகிய ‘ரானா’ பெண்பால். திங்களாகிய ‘வதா’ ஆண்பால். ‘கள்’ விகுதியொன்றாற் பன்மையை முடித்துப் பழகிய நமக்கு, அவர்தம் பன்மை விகுதிகளின் பெருக்கம் மலைப்பைத் தரும். ஆயின் ஓரிடத்தில் நம் வீட்டிற்கே வந்துவிட்டாற்போன்ற உணர்ச்சி எழுகின்றது. நாம் ‘வெள்ளை வெளேர்’ என்றும் ‘செக்கச் செவேல்’ என்றும் ‘கன்னங் கரேல்’ என்றும் சொல்லுமிடங்களில், அவர்கள் ‘ஃபரி ஃபத்’ என்றும் ‘ஜா வுர்’ என்றும் ‘பக்கி கிரின்’ என்றும் சொல்கின்றனர். மேலும், அண்ணனுக்கு ‘வா’, தம்பிக்குக் ‘கனே’, அக்காளுக்கு ‘யா’, தங்கைக்குக் ‘கன்வா’ என மூத்தோரையும் இளையோரையும் அவர்கள் நம்மைப்போலவே வேறுவேறு சொற்களால் விளிக்கின்றனர். இவ்வுறவுப்பெயர்கள் பத்திரிகைத் தொழிலுக்கு எவ்வளவு இன்றியமையாதன என்பதனைப் பின்னர்க் காட்டுவேன்.

இனி, இம்மொழி எழுத்தேறிய வரலாறு. அரபு எழுத்தால் ஹௌஸாவை எழுதும் முறைக்கு ‘அஜமி’ என்பது பெயர். 1804-ஆம் ஆண்டில் தொடங்கிய சமயப்போரின் தலைவராகிய உஸ்மான் தான் ஃபோதியோவின் மகளார் நானா அஸ்மாவு என்பவர், 1793 முதல் 1864 வரை வாழ்ந்தவர். அவர் அரபு, ஃபுலானி, ஹௌஸா ஆகிய மூன்று மொழிகளிலும் செய்யுள் இயற்றினார். கல்வி பெறாத சிற்றூர்ப் பெண்டிர்க்கு அறிவு புகட்டுதற்பொருட்டு ஆசிரியைகளைப் பழக்கி, மனப்பாடம் செய்தற்கேற்ற பாடல்களை அவர்கள் வாயிலாக ஊர்தோறும் பரப்பினார். அச்சும் தாளும் இல்லாத காலத்தில் அப்பெண்கள் செய்த பணி, செய்தித்தாளின் பணியினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று.

உரோம எழுத்தில் ஹௌஸா வளர்ந்ததற்கு மிஷனரிமார் காரணராயினர். ஷோன் என்னும் போதகர் 1862-இல் இலக்கணமும் 1876-இல் அகராதியும் வெளியிட்டார். ஆயின் அவருக்கு ஆசிரியராய் அமைந்தவர் யார்? சிறுவயதில் அடிமையாகப் பிடிபட்டு, விடுதலை பெற்று, ஹைன்றிக் பார்த் என்னும் பயணியோடு 1855-இல் இங்கிலாந்து சேர்ந்த தோருகு என்னும் ஹௌஸா இளைஞர். அவர் தம் வரலாற்றைத் தம் மொழியிலேயே சொல்ல, ஷோன் அதனை எழுதிவைத்து 1885-இல் அச்சிட்டார். மிஷனரிமாரின் தொண்டினைப் போற்றுகின்ற நாம் தோருகுவையும் உடன்வைத்துப் போற்றுதல் முறை. பெரும்புலவர் எழுதிய ஒவ்வோர் அகராதிக்கும் பின்னே, பெயர் மறைந்த ஒரு தோருகு இருந்தே தீர்வார். பின்னர் வால்டர் மில்லர் முதலியோர் முயற்சியால் 1932-இல் வேதாகமம் முழுதும் ஹௌஸாவில் வெளிவந்தது. என் நண்பர் கையில் உள்ள ஹௌஸா வேதாகமத்தைக் காணுந்தோறும் இவ்வரலாறு என் நினைவிற்கு வருகின்றது. ஹௌஸா பேசுவோருட் பெரும்பாலார் முஸ்லிம்களேயாயினும், அம்மொழியிலேயே மன்றாடும் கிறிஸ்தவரும் பலர் உளர். மொழி எந்த ஆலயத்திற்கும் தனியுடைமையன்று.

1933-ஆம் ஆண்டில், ரூபர்ட் ஈஸ்ட் என்பவர் தலைமையில் இயங்கிய அரசாங்க மொழிபெயர்ப்பு நிலையம் ஒரு கதைப்போட்டி நடத்தியது. அதன் பயனாக ஐந்து நூல்கள் வெளிவந்தன. அடிமை வாணிகத்தின் கொடுமையைச் சித்திரிக்கும் ‘ஷைஹு உமர்’ என்பது அவற்றுள் ஒன்று. அதன் ஆசிரியர் அபூபக்கர் தஃபாவா பலேவா. 1960-இல் நைஜீரியா விடுதலை பெற்றபோது பிரதம மந்திரியாயிருந்தவர். போட்டியில் தோன்றிய மற்றோர் எழுத்தாளர் அபூபக்கர் இமாம். இவர் பின்னர் ‘மகானா ஜாரி சே’ என்னும் கதைத்தொகுதியை மூன்று பாகங்களாக எழுதினார். ‘சொல்லே முதல்’ என்பது அதன் பொருள். ‘முதல் போட்டு வாணிகம் செய்தல்’ என நாம் சொல்லும் பொருளிலேயே அம்முதல் கொள்ளற்பாலது. அதிலே கதை சொல்வது ஒரு கிளி! நம் நாட்டுக் கிளிக்கதைகளைக் கேட்டு வளர்ந்தோர்க்கு அக்கிளி அயற்பறவையாகத் தோன்றாது.

இவ் இமாமே, 1939 ஜனவரி முதல் நாளன்று ஸாரியாவில் தோன்றிய ‘கஸ்கியா தா ஃபி க்வாபோ’ என்னும் ஹௌஸாச் செய்தித்தாளின் முதல் ஹௌஸா ஆசிரியர். கஸ்கியா என்பது மெய். க்வாபோ என்பது ஒரு பென்னிக் காசு. எனவே ‘மெய் காசினும் பெரிது’ என்பது அத்தாளின் பெயர். இதனினும் சிறந்த பெயரை எந்நாட்டுப் பத்திரிகை தரித்துள்ளதோ யான் அறியேன். அவ்வாண்டிலேயே உலகப்போர் மூண்டது. தம் ஊர்ச் சந்தைக்கப்பால் உலகம் அறியாத உழவரும் தம் மக்கள் எங்கே போரிடச் சென்றனர் என்று கேட்கத் தொடங்கினர். அவர்கட்குக் கடற்போரையும் வான்போரையும் ஹௌஸாவில் விளக்கவேண்டிய பொறுப்பு அவ்விளம்பத்திரிகையின் தோள்மேல் வீழ்ந்தது. 1943-இல் மேலை ஆப்பிரிக்கப் பத்திரிகை ஆசிரியர் குழுவொடு இமாம் இங்கிலாந்திற்கும் சென்றுவந்தார்.

ஒரு மொழி பத்திரிகைக்கு வரும்பொழுது, ஒவ்வொரு நாளும் புதுப்பொருளுக்குப் புதுச்சொல் காணவேண்டிய கடமை அதற்கு உண்டாகின்றது. இதில் ஹௌஸா காட்டும் திறம் போற்றற்குரியது. ‘ஜிர்கி’ என்பது படகு. கப்பல் ‘நீர்ப்படகு’ ஆயிற்று. புகைவண்டி ‘நிலப்படகு’ ஆயிற்று. விமானம் ‘வான்படகு’ ஆயிற்று. போர்க்களத்துக் கவச வண்டிக்கு, பண்டைக் குதிரைவீரர் அணிந்த இரும்புச்சட்டையின் பெயராகிய ‘சுல்கே’ என்பதனைச் சேர்த்து, இரும்புச்சட்டை அணிந்த வண்டி என்றனர். கைப்பேசி ‘கைக்கம்பி’ எனப்படுகின்றது. கணிப்பொறி ‘மூளையுள்ள பொறி’ எனப்படுகின்றது. இவையெல்லாவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது ஐக்கிய நாடுகள் சபைக்கு அவர்கள் இட்ட பெயர். ‘தின்கி’ என்பது தையல். ‘துனியா’ என்பது உலகம். ‘மஜாலிசர் தின்கின் துனியா’, அஃதாவது உலகைத் தைக்கும் சபை! கிழிந்த உலகத்தை ஊசியும் நூலுங்கொண்டு ஒட்டுப்போடும் காட்சியை அப்பெயர் கண்முன் நிறுத்துகின்றதன்றோ? செய்தியாளன் ‘தன் ஜரீதா’, பத்திரிகையின் பிள்ளை. செய்திக்கும் கதைக்கும் ‘லபாரி’ என்னும் ஒரே சொல் வழங்குகின்றது; ஆதலின் கதை எது, செய்தி எது எனப் பிரித்துக்காட்டும் பொறுப்பு அப்பிள்ளையின் தலைமேல் இருமடங்காகின்றது.

நிற்க. அச்சினும் வானொலியே ஹௌஸாவை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 1957 மார்ச்சு 13-ஆம் நாளில் ஹௌஸா ஒலிபரப்பைத் தொடங்கிற்று. கடூனா நகர வானொலி 1962-இலும், ஜெர்மானியரின் ஹௌஸா ஒலிபரப்பு 1963-இலும், அமெரிக்கரின் ஒலிபரப்பு 1979-இலும் தொடங்கின. கண்ணுக்குப் பள்ளி வேண்டும், காதுக்கு வேண்டா. அதனால் எழுத்தறியா இடையனும் மாடு மேய்த்துக்கொண்டே உலகச்செய்தி கேட்டான்.

இவ்விடத்தில் என் நண்பர் கூறிய ஒன்றினைச் சொல்லாது மேற்செல்ல எனக்கு மனம் வரவில்லை. 2010 ஜனவரியில் ஜாஸ் நகரத்தில் கிறிஸ்தவர்க்கும் முஸ்லிம்கட்கும் இடையே பெருங்கலகம் மூண்டு உயிர்கள் பல மாண்டன. அப்பொழுது அவருக்கு வயது ஆறு. ஊரடங்கு, கதவுகள் தாழிடப்பட்டன. கைப்பேசிகளில் குறுஞ்செய்திகள் வந்துகொண்டேயிருந்தன: இன்ன தெரு எரிகின்றது, இன்னார் ஆயுதங்களோடு வருகின்றனர், உணவில் நஞ்சு கலந்துள்ளது. அவர் தந்தையார் ஒவ்வொன்றையும் படிக்குந்தோறும் தாயார் குழந்தைகளை இன்னும் இறுக அணைத்துக்கொள்வாராம். மாலையில் வானொலியை நடுவில் வைத்து அனைவரும் சூழ்ந்திருந்தனர். ஹௌஸாவில் அமைதியான ஒரு குரல், நிகழ்ந்தது இது, நிகழாதது இது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிற்று. எரிந்ததென்று கேள்விப்பட்ட தெரு எரியவில்லை. அத்தெருவிற்றான் அவருடைய பாட்டியார் இருந்தார். ‘அன்றிரவு எங்கள் சுவருக்கு அப்பால் வாழ்ந்த முஸ்லிம் குடும்பத்தின் வானொலியும் அதே குரலை ஒலித்தது. சுவரின் இரு புறத்தும் நாங்கள் ஒரே மெய்யைக் கேட்டோம். அதன்பின்னரே என் தாயார் உலையேற்றினார்’ என்று அவர் கூறி நிறுத்தினார். யானும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நோய்ப்பகையிலும் இதே பாடத்தைக் காணலாம். 2003-ஆம் ஆண்டில், இளம்பிள்ளைவாதத் தடுப்புமருந்து பிள்ளைப்பேற்றினைத் தடுக்கும் நஞ்சென்று வடநைஜீரியாவில் வதந்தி எழுந்தது. கானோ மாநிலம் மருந்தளிப்பதனையே நிறுத்திவைத்து, 2004 ஜூலையிற்றான் மீண்டும் தொடங்கிற்று. அதற்குள் நோய் நாடு கடந்தது. கால் இழந்த குழவிகள் பல. ஆங்கில அறிக்கைகள் எத்துணை வெளிவரினும் அவை தாய்மாரின் செவிக்கு எட்டா. ஊர்ப்பெரியோரும், சமயத்தலைவரும், ஹௌஸா வானொலியும் அவர்தம் மொழியிலேயே பல்லாண்டு விடாது பேசவேண்டியிருந்தது. ஈற்றில் 2020 ஆகஸ்டு 25-ஆம் நாளன்று ஆப்பிரிக்கா அந்நோயின் இயற்கைக் கிருமியினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ‘பொய் பூக்கும்; காய்க்காது’ என்பது ஹௌஸாப் பழமொழி. ஆயினும் அது பூத்துநிற்கும் காலத்திலேயே பலர் அழிந்துபோகின்றனரே!

இத்துணைப் பயனுள்ள பணிக்கு ஆளாக்கும் கல்வி எந்நிலையில் உள்ளது? அந்நாட்டில் உயர்கல்வியின் மொழி ஆங்கிலம். செய்தியாளன் ஆங்கிலத்திலேயே பயிற்சி பெறுகின்றான். அவன் சிற்றூருக்குச் சென்று உழவனை ஹௌஸாவில் வினவுகின்றான். விடையை ஆங்கிலத்தில் எழுதுகின்றான். அவ்வாங்கிலத்தை வானொலி நிலையத்தில் மற்றொருவர் மீண்டும் ஹௌஸாவாக்கி அவ்வுழவனுக்கே படித்துக்காட்டுகின்றார். உழவன் தன் சொல்லைத் தானே அடையாளம் காணாது திகைக்கின்றான்! ‘கொல்லப்பட்டவன் என் தம்பி’ என்று அவன் அழுதுசொன்னதனை ஆங்கிலம் ‘சகோதரன்’ என்று மட்டும் குறித்துக்கொள்கின்றது. திரும்பி வருங்கால் மொழிபெயர்ப்பாளர் செய்வது யாது? பொதுவான உறவுச்சொல் ஒன்று ஹௌஸாவில் உண்டு. அதனை இட்டுச் செல்வார். ஆயின் மூத்தவனா, இளையவனா என்றன்றோ ஊரார் கேட்பர்! அண்ணனை இழந்த துயரும் தம்பியை இழந்த துயரும் ஒன்றல்ல என்பதனை நம்மவர்க்கு விளக்கவும் வேண்டுமோ? சிறு சொல்லொன்று வழியில் உதிர்ந்தது; அதனோடு செய்தியின் உயிரும் உதிர்ந்தது.

சட்டத்தின் நிலையும் நிலையாததாகவே உள்ளது. 1999-ஆம் ஆண்டு நைஜீரிய அரசியற் சாசனம், உரிய ஏற்பாடுகள் செய்யப்பெற்றபின் நாடாளுமன்றத்தில் ஹௌஸா, இக்போ, யொரூபா மொழிகளிலும் அலுவல் நிகழலாம் என்கின்றது. 2022 நவம்பரில், தொடக்கப்பள்ளியின் ஆறாண்டும் தாய்மொழி வாயிலாகவே கற்பித்தல் வேண்டும் என்னும் கொள்கை ஏற்கப்பட்டது. 2025 நவம்பரில் அக்கொள்கை கைவிடப்பட்டு மீண்டும் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. அதே 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அண்டைநாடாகிய நைஜர் ஹௌஸாவைத் தேசியமொழியாக்கிப் பிரெஞ்சினை அலுவல்மொழி என்னும் அளவிற்குத் தாழ்த்திற்று. ஒரே மொழி, எல்லைக்கோட்டின் ஒரு புறத்தே அரியணை ஏறுகின்றது. மறுபுறத்தே பள்ளிப்படியினின்று இறங்குகின்றது. பள்ளியில் ஹௌஸா படியாத பிள்ளை நாளை ஹௌஸாச் செய்தித்தாளை வாங்குவானா? விதைநெல்லை உண்டுவிட்டு அறுவடைக்குக் காத்திருத்தல் போன்றது அது.

எதிர்ப்போர் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. நைஜீரியாவில் மொழிகள் ஐந்நூறு வரை உள்ளன. அவர்களைப் பிணைக்க ஆங்கிலம் வேண்டும் என்பர். வேண்டுவதே; ஆங்கிலத்தை அகற்றுக என்று யான் சொல்லவில்லை. இதனினும் கூரிய தடை ஒன்றுண்டு. என் நண்பரின் பாட்டியார் பேசுவது ஹௌஸாவன்று. சில ஊர்களில் மட்டும் வழங்கும் ஒரு சிறுமொழி. சந்தையிலும் ஆலயத்திலும் ஹௌஸா ஓங்க ஓங்க, அச்சிறுமொழி அடுப்பங்கரைக்குள் ஒடுங்கிற்று. ‘ஹௌஸா என்னைக் காப்பாற்றியது, என் பாட்டியின் மொழியை விழுங்கவும் செய்கின்றது’ என்று அவரே ஒருநாள் கூறினார். இதற்கு யான் காணும் விடை ஒன்றே. தாய்மொழியில் மெய்யைக் கேட்கும் உரிமை ஹௌஸாவிற்கு உண்டெனின், அவ்வுரிமை அச்சிறுமொழிக்கும் உண்டு. பெரியமொழி தனக்கு வேண்டுவதனைத் தன்னினும் சிறியதற்கும் வழங்குதல் வேண்டும். அங்ஙனம் வழங்காத மொழிப்பற்று வெறும் தற்பற்றேயாகும்.

ஆகவே செயற்பாலன சில உள. பத்திரிகைத் தொழில் பயிற்றும் கல்லூரிகளில், ஹௌஸாவினை எழுத்து, நடை, ஒலிப்பு மூன்றும் அமையத் தனிப்பாடமாக வைத்தல் வேண்டும். தாய்மொழிதானே, தானே வரும் என்றிருத்தல் தவறு. பேசத் தெரிந்தவரெல்லாம் எழுதத் தெரிந்தவராகார் என்பது தமிழ் மாணாக்கர்க்கு நன்கு தெரியும்! கொக்கியெழுத்துகளைக் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் பிழையின்றி இடும் பழக்கம் வேண்டும். கானோவின் பாயெரோ பல்கலைக்கழகம் 2006-இல் வெளியிட்ட ஹௌஸா-ஹௌஸா அகராதி போன்ற நூல்கள் செய்தியறைதோறும் இருத்தல் வேண்டும். அஜமி மட்டுமே படிக்கவல்ல முதியோரையும் மறவாதிருத்தல் வேண்டும். அந்நாட்டைப்பற்றி எழுதப்புகும் அயல்நாட்டாரும் அம்மொழியைக் கற்றல் நன்று. ஒரு சான்று கூறுவேன். ‘போகோ’ என்னும் சொல் ஒரு கொலைக்கூட்டத்தின் பெயரிற் சேர்ந்து உலகெங்கும் இழிவுற்றது. ஹௌஸாச் செய்தித்தாள்கள் அச்சாகும் உரோம எழுத்தின் பெயரும் அதுவே என்பதனை அச்சொல்லை நாள்தோறும் எழுதுவோருள் எத்தனைபேர் அறிவர்? 2015 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு 26-ஆம் நாளை உலக ஹௌஸா நாளாக அம்மொழியன்பர்கள் இணையத்திற் கொண்டாடிவருகின்றனர். கொண்டாட்டம் நன்றே, அது வகுப்பறையாகவும் செய்தியறையாகவும் வளருமாயின் மிக நன்று.

இக்கல்லூரியில் என்னோடு பயிலும் அன்பர்களே! உங்களுட் சிலர் நாளை செய்தியாளராவீர்கள். இதனைப் படிக்கும் முன்னாள் மாணவருட் சிலர் இன்று அப்பணியில் உள்ளீர்கள். ஹௌஸாவினைக் கற்க எல்லீர்க்கும் ஓய்வு கிட்டாமற் போகலாம். ஆயினும் அம்மொழியினர் இரு பழமொழிகளை நமக்குக் கடனாகத் தருகின்றனர். ‘நெஞ்சின் செய்தியை முகத்தைக் கேள்’ என்பது ஒன்று. எனவே மேசையருகே அமர்ந்து எழுதற்க, முகங்களைக் காணச் செல்க. ‘சொல் என்பது கூரையினின்று உருவிய புல்’ என்பது மற்றொன்று. உருவிய புல்லை மீண்டும் அவ்விடத்தே செருகல் அரிது. எனவே எழுதுமுன் ஆராய்க. எந்நாட்டில், எம்மொழியில் எழுதினும், அச்சம் வாழும் மொழியிலேயே மெய்யும் வாழுமாறு செய்வோமாக.